மூடியை வைத்து எடுத்த அளவு

ஷேக் அலாவுதீனிடம் ஒரு மோட்டார் வண்டி இருந்தது. சரியாகச் சொன்னால் பாதி வண்டி. இன்ஜினும் முன்சீட்டும் பழுதில்லாமல் இருந்தன. பின்சீட்டின்மேல் ஒரு தென்னைமரம் விழுந்திருந்தது. அது பட்டர்வொர்த்தில் மளிகை மண்டி வைத்திருந்த சீனி முகம்மதுவின் பழைய போர்டு கார். மரம் சாய்ந்த மறுநாள் காலை அவர், "இத என் வாசல விட்டு எடுத்துட்டுப் போறவனுக்கே இது சொந்தம்" என்று கோபத்தில் சொல்லிவிட்டார். அவர் கோபத்தில் சொன்னதை அலாவுதீன் அண்ணன் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரமே அந்த வண்டி பெர்ரி ஏறிக் கடலைத் தாண்டி, பினாங்கில் டத்தோ கிராமட் சாலைக்குப் பின்னால் இருந்த அவருடைய அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டு முற்றத்தில், ரம்புத்தான் மரத்தடியில் வந்து நின்றது. இழுத்து வந்தவன் நான்.

என் பெயர் திருநாவுக்கரசு. பினாங்கு ரோட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் பிட்டராக வேலை. அவருக்கு அடுத்த வீடு. அடுப்பு மூட்டத் தெரியாத பிரம்மச்சாரி என்பதால் மூன்று வருஷமாக அவர் வீட்டுச் சோறுதான் என்னை வளர்த்தது. ஆகவே அவரைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அலாவுதீன் அண்ணன் பன்னிரண்டு வருஷம் தோளில் கம்பு வைத்துச் சோறு விற்றவர். கம்பின் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறு முனையில் குழம்புச் சட்டிகள். விடிந்ததும் நடக்கத் தொடங்கினால் துறைமுகத்துக் கூலிகள் பசியோடு வெளியே வரும் நேரத்துக்குச் சரியாகக் கடலோரம் போய்ச் சேர்வார். இதுபோக, கல்யாண வீடுகளுக்கு அவர் பண்டாரி. பினாங்கில் விருந்துச் சமையற்காரரை அப்படித்தான் சொல்வார்கள். அதற்கென்று மூன்று செம்புத் தேக்சாக்கள் வைத்திருந்தார். அகன்ற வயிறும் அதைவிடச் சின்ன வாயும் உள்ள பெரிய பாத்திரங்கள். வெறும் பாத்திரத்தைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். அவர் மனைவி ஆசியா பீவி அரைத்துக் கொடுப்பார், கழுவிக் கவிழ்ப்பார். அண்ணன் கிளறுவார். அந்த வீட்டின் வேலைப் பங்கீடு இவ்வளவுதான்.

ஒரு மழைநாளில் படகுத்துறைப் பாசிப்படியில் சோற்றுக் கம்போடு விழுந்தார். வலது முழங்கால் போய்விட்டது. ஆறினபோது கால் நேராகவே நின்றுவிட்டது, மடங்கவில்லை. மடங்காத காலோடு கம்பு தூக்கிப் படி இறங்க முடியாது. கல்யாண வீட்டில் தரையில் வெட்டிய அடுப்புக்கு முன்னால் குந்தவும் முடியாது. குனிந்து நிமிர முடியாத பண்டாரியை யார் கூப்பிடுவார்கள்? வீட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து சோறு விற்றார். கூலிக்காரன் மத்தியான வெயிலில் இரண்டு மைல் நடந்து வந்து சாப்பிடுவானா? அவனும் வரவில்லை. முக்காலியில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். அவர்மேல் இல்லை, அந்த முக்காலிமேல்.

அப்போதுதான் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அவருடைய கூடப்பிறந்த அண்ணன் கடிதம் கொடுத்தனுப்பினார். அலாவுதீன் அண்ணன் அரபு எழுத்துத்தான் படிப்பார். தமிழ்க் கடிதமென்றால் என்னிடம் வரும். வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். 'கால் போன ஆளுக்கு அந்நிய நாட்டில் என்ன வேலை? ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துப் புறப்படும் கப்பலுக்கு டிக்கெட் வைத்திருக்கிறேன். இங்கே வந்து நம் கடையில் உட்கார்ந்துகொள்ளலாம்.'

அடுப்படியிலிருந்து ஆசியா அக்காவின் குரல் வந்தது. "எத்தனை டிக்கெட்டு தம்பி?"

உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது.

அக்கா இந்தத் தெருவிலேயே பிறந்தவர். தாய் வழியில் மலாய் உறவும் உண்டு. அலாவுதீன் அண்ணன் வீட்டுக்காரர்களுக்கு அவர் எப்போதும் 'பினாங்குக்காரி'. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும், அந்த வீட்டிலிருந்து வந்து நான் படித்த ஒரு கடிதத்திலாவது அவருக்கு ஒரு சலாம் எழுதியிருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. "நான் மொதல்ல போயி ஒரு வழி பண்ணிட்டு உன்னக் கூப்பிட்டுக்கிறேன்" என்று அண்ணன் தரையைப் பார்த்துச் சொன்னார். அப்படிச் சொல்லிப் போனவர்கள் எத்தனை பேர், திரும்பக் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அக்கா எழுந்து போய்ப் பானையை மூடினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பேன். பிறர் வீட்டுக் கடிதம், போடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தென்னைமரம் விழுந்தது. அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. கம்பைத் தூக்க முடியாவிட்டால் என்ன, வண்டி தூக்கட்டுமே. அந்தப் பழைய போர்டு வண்டியில் வேகம் கொடுக்கக் கால் வேண்டாம், கைப்பிடி உண்டு. இடதுகாலுக்குத்தான் அதிக வேலை. வலதுகாலை நீட்டி பிரேக்கை அழுத்தினால் போதும். மடங்காத காலுக்கென்றே செய்த வண்டிபோல இருந்தது. இரண்டு மாதத்தில் ஓட்டக் கற்று லைசென்சும் வாங்கிவிட்டார்.

பிறகு சீனி முகம்மதுவைப் போய்ப் பார்த்தார். அவருடைய மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ், பட்டர்வொர்த்தில் வீட்டிலேயே விருந்து. அண்ணன் தன் வீட்டு முற்றத்தில் இடுப்புயர அடுப்புக் கட்டி, நின்றே சமைத்து, வண்டியில் கொண்டுவந்து வண்டியிலிருந்தே பரிமாறுவதாகச் சொன்னார். சீனி முகம்மது சிரித்தார். "என் வண்டிலயே எனக்குச் சோறா? சரி, கொண்டாங்க. மத்தியானம் லுஹர் பாங்குக்கு முன்னாடி வந்து சேரணும். சேரலன்னா இங்கயே அடுப்பு வெட்ட வேற பண்டாரிய நிறுத்தி வச்சிருப்பேன்லா."

அன்று சாயங்காலம் அண்ணன் என்னிடம் சொன்னார். என்னிடம் சொன்னார் என்பது பேருக்கு. அடுப்படிக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். "இந்த விருந்து நல்லபடியாப் போனா இங்கயே இருந்துக்கலாம் அரசு. போகலன்னா கப்பல்தான்."

வேலை தொடங்கியது. நசுங்கிய பின்பாகத்தை மரையாணி மரையாணியாகக் கழற்றினேன். வராததை வாளால் அறுத்தேன். கதவுகளையும் கீல்களையும் தூக்கி எறியாமல் மூலையில் போட்டுவைத்தேன். எதையும் எறியாதது பட்டறைக்காரன் குணம். கடலோரத்தில் உடைந்த தொங்கான் சரக்குப் படகு ஒன்றிலிருந்து இரண்டு நீள உத்திரம் கிடைத்தது. பல வருஷம் உப்புத் தண்ணீர் குடித்த மரம், ஆணி இறங்க மறுத்தது. அவற்றைச் சட்டத்தின்மேல் நீளவாக்கில் கிடத்தினோம். இரும்பும் மரமும் உரசிக் கத்தாமல் இருக்க நடுவே பழைய டயர்த் துண்டுகளை வைத்தோம். சட்டத்தில் துளை போட்டால் பலம் போய்விடும் என்று லாடம்போல வளைத்த போல்ட்டுகளால் உத்திரத்தை இறுக்கினேன். அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அதன்மேல் மெராந்திப் பலகை, சூடான பாத்திரம் உட்காரும் இடத்தில் துத்தநாகத் தகடு. ஏழடி நீளம், நாலரை அடி அகலத்தில் ஒரு தட்டு. என் கையால் செய்த வேலைகளில் அவ்வளவு நேர்த்தியாக வேறெதுவும் அமையவில்லை.

இதற்குமேல்தான் அண்ணனின் தனி யோசனை. தட்டிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், சுற்றிலும் குத்துக்கால் நிறுத்தி, இன்னொரு மேல்பலகை. அதில் வரிசையாக மூன்று வட்ட ஓட்டை. தேக்சாக்கள் கீழ்த்தட்டில் உட்காரும், கழுத்து மட்டும் ஓட்டை வழியாக வெளியே தெரியும். வண்டி குலுங்கினாலும் பாத்திரம் நகராது. மேல்பலகை அண்ணனின் இடுப்புக்கு நேராக வரும். அதன்மேல் சாப்பாட்டுத் தட்டை வைத்து, நின்றபடியே அள்ளிப் போடலாம். முக்காலி வேண்டாம்.

தேக்சாக்கள் வீட்டில் இல்லை. உள்ளே ஈயம் பூசுவதற்காகச் சூலியா தெருவுக்குப் போயிருந்தன. பெருநாள் நெருங்கியதால் ஈயக்காரரிடம் ஊர்ப்பட்ட பாத்திரம், கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்பார். மூடிகளை மட்டும் அண்ணன் வீட்டில் வைத்திருந்தார். மூன்று மூடிகளையும் மேல்பலகையில் கவிழ்த்து, அடுப்புக்கரியால் சுற்றிலும் கோடு போட்டார். விளிம்பு தாராளமாக நுழைய ஒரு விரல் கூட்டிக்கொண்டார்.

பாத்திரம் தேய்க்கிற நாரை முறுக்கிக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தார். "மூடிய வச்சு அளக்காதீங்க மச்சான். தேக்சா வரட்டும்."

"இருவது வருஷமா கிளறுறவனுக்கு இதோட அளவு தெரியாதா?"

"கிளறுறது நீங்க. தேய்க்கிறது நானு."

"அரசு, நீ அறு" என்றார் அண்ணன்.

நான் அறுத்தேன். அக்கா சொன்னது என் காதில் விழவில்லை என்று சொல்ல மாட்டேன். விழுந்தது. பாத்திரம் கழுவுகிறவர் பேச்சு என்று நானும் நினைத்தேன். இன்றுவரைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விருந்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு மாட்டுவண்டியில் தேக்சாக்கள் வந்தன. உள்ளே வெள்ளியாக மின்னின. மாட்டுவண்டிக்காரரும் நானும் முதல் தேக்சாவைத் தூக்கி ஓட்டையின்மேல் இறக்கினோம். அடிப்பாகம் நுழைந்தது. நாலு விரல் இறங்கியது. அதோடு நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தோம், அமுக்கிப் பார்த்தோம். தேக்சா பலகைமேல் உட்கார்ந்து, ஒரு தட்டுத் தட்டினால் உருண்டு விழுவேன் என்று ஆடியது.

அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கும்தான். இருபது வருஷமாக அவர் தேக்சாவை மேலிருந்தே பார்த்திருக்கிறார். அவருக்கு அது ஒரு வாய். சோறு வெந்ததா, தண்ணீர் வற்றியதா என்று பார்க்க அது போதும். அதற்குக் கீழே அரையடி பெருத்து நிற்கும் வயிறு, தினம் கட்டிப்பிடித்துக் கரி தேய்ப்பவருக்குத்தான் தெரியும்.

"ஓட்டையப் பெருசாக்கிடலாம் அண்ணே" என்றேன்.

"பெருசாக்கினா மூணு ஓட்டையும் ஒண்ணோட ஒண்ணு சேந்துடும். பலகை எங்க இருக்கும்?" அவர் சொன்னது சரி. வயிற்றளவுக்கு அறுத்தால் நடுவில் இரண்டு விரல் மரம்கூட மிஞ்சாது. கழுத்தைப் பிடிக்கவும் எதுவும் இருக்காது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் பாத்திரம் ஆடும்.

அவர் போய் முக்காலியில் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். "சீனி முகம்மது வீட்டுக்கு ஆள் அனுப்பிடு அரசு. வேற பண்டாரியவே வச்சுக்கச் சொல்லு. ஒரு பலகைகூட ஒழுங்கா அளக்கத் தெரியாதவன் எந்த ஊர்ல இருந்தா என்ன?" அதற்குமுன் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

அக்கா முற்றத்துக்கு வந்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. தேக்சாவின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்.

"கண்ணாடி வளையல மணிக்கட்டுக்கு அளவெடுத்து வாங்கினா கையில ஏறுமா மச்சான்? ஏறாதுலா. நீங்க மணிக்கட்டுக்கு அளவெடுத்துட்டீங்க."

"தெரியுது ஆசியா. சுடா லா, போதும் விடு."

"விட மாட்டேன். இதப் பாருங்க." இடது கையை நீட்டினார். அவருடைய அம்மா போட்டிருந்த வெள்ளிக் காப்பு ஒன்று அந்தக் கையில் எப்போதும் இருக்கும். அதன் திருகாணியைக் கழற்றினார். காப்பு ஒரு பக்கக் கீலில் இரண்டாகத் திறந்துகொண்டது. எடுத்து மறுபடி மணிக்கட்டில் வைத்து மூடித் திருகினார். "இதுவும் மணிக்கட்டு அளவுதான். எப்படி ஏறுச்சு?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் அந்தக் காப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூலையில் கிடந்த மோட்டார்க் கதவுகளைப் பார்த்தார்.

"அரசு, அந்தக் கீலெல்லாம் இருக்கா?"

மேல்பலகையை மூன்று ஓட்டைகளுக்கும் நடுவே நீளவாக்கில் ஒரே கோடாக அறுத்து இரண்டாக்கினேன். ஒவ்வொரு பாதியையும் வெளிப்பக்கத்துச் சட்டத்தில் கார்க் கதவின் கீல் போட்டு மாட்டினேன். இரண்டு கீல் கோணியிருந்தன, அவற்றைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். இரட்டைக் கதவுபோலப் பலகை இரு பக்கமும் திறந்தது. திறந்த இடத்தில் தேக்சாவை இறக்கினோம். மூடினோம். இரண்டு அரைவட்டமும் விளிம்புக்குக் கீழே கழுத்தைச் சுற்றி வந்து சேர்ந்தன. கார்க் கதவின் கொண்டியே பூட்டானது. மிச்சமிருந்த விரலிடைச் சந்துக்குச் சணல் கயிறு சுற்றினோம். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது வேலை முடிந்திருந்தது. அண்ணன் வண்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். தேக்சா அசையவில்லை. அவர் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும் என்று எனக்கு மனசுக்குள் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் மூன்று அடுப்பும் எரிந்தன. ஒன்றில் நெய்ச்சோறு, ஒன்றில் ஆட்டிறைச்சி, ஒன்றில் தால்ச்சாக் குழம்பு. அக்கம்பக்கத்து ஆட்கள் நால்வர் தேக்சா வளையங்களில் கம்பு கோத்துத் தூக்கி ஏற்றினார்கள். மூடிகளைக் கயிற்றால் கட்டினோம். அண்ணன் காலை நீட்டிச் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் தட்டில் தொற்றிக்கொண்டேன். அக்கா வாசலில் நின்றார். பக்கத்தில் அண்ணனின் டிரங்குப்பெட்டி இருந்தது. முந்தின வாரமே அதைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தார் மனிதர். உள்ளே டிக்கெட்.

பெர்ரியில் ஏறியது பிரச்சனையில்லை. இறங்கும்போதுதான் வினை. கடல் வற்றியிருந்தது. பட்டர்வொர்த் கரைக்கு ஏறும் பலகை செங்குத்தாக நின்றது. எங்களுக்கு முன்னால் போன ஒரு துரை வீட்டுக் கார் குதித்துக் குதித்து ஏறியது. அண்ணன் கைப்பிடியைத் திறந்து, இடதுகாலை அழுத்தினார். பாதி ஏறியதும் இன்ஜின் திக்கி, வண்டி ஒருமுறை பின்னால் வழுக்கி, பிரேக்கில் சடாரென்று நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தால்ச்சா என் தலைமேல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்தால் மூன்று கழுத்தும் பலகைக்குள் கெட்டியாக நின்றன. நான் முதலில் சொன்னபடி ஓட்டை பெரிதாகி, வயிறு நுழைந்து, கழுத்து ஆடிக்கொண்டிருந்தால் அந்த இடத்திலேயே விருந்து கடலுக்குப் போயிருக்கும். தப்பான அளவுதான் எங்களைக் காப்பாற்றியது. அந்த அளவுக்குக் கீல் போட்டது அக்கா.

லுஹருக்கு அரைமணி முன்னால் பந்தலுக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. சீனி முகம்மது வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மேல்பலகையில் ஒரு கீலைத் தொட்டுப் பார்த்தார். "அடேய், இது என் கார்க் கதவோட கீலுலா!" என்று சத்தமாகச் சிரித்தார். தொழுகை முடிந்ததும் சாப்பாடு. அலாவுதீன் அண்ணன் நின்றுகொண்டு பரிமாறினார். இரண்டு வருஷமாக அவரை முக்காலியில் பார்த்த எனக்கு, அவர் அவ்வளவு உயரமான மனிதர் என்பதே மறந்துபோயிருந்தது. கடைசிப் பந்தியில் தால்ச்சாவுக்குச் சண்டை வந்தது. பண்டாரிக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. பக்கத்துப் பிறை ஊரின் மில்லில் வேலை பார்க்கும் ஒருவர், தினமும் மத்தியானம் மில் வாசலுக்கு இந்த வண்டி வருமா என்று கேட்டார். அண்ணன் "இன்ஷா அல்லாஹ்" என்றார்.

திரும்பும் வழி முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. இருப்பாரா, போவாரா? கேட்டால் அடிப்பார் என்று தோன்றியது. கேட்கவில்லை.

சாயங்காலம் முற்றத்தில் வண்டி நின்றதும் அக்கா வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே வண்டியிடம் போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து உள்ளே பார்த்தார். மூன்றிலும் கரண்டி சுரண்டிய அடிதான் இருந்தது. ஒரு பருக்கை இல்லை. மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி வாசலில் இருந்த டிரங்குப்பெட்டியைப் பார்த்தார். விருந்து நன்றாகப் போய்விட்டது. ஆனால் அண்ணன் சொன்ன சொல் அண்ணனுடையது, அதை அவர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

அண்ணன் வண்டியிலிருந்து இறங்கினார். தேக்சாக்களை இறக்கச் சொன்னார். கிணற்றடிக்குப் போய், மடங்காத காலை நீட்டிக்கொண்டு ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தார். ஒரு தேக்சாவைத் தன் பக்கம் சாய்த்து மடியில் அணைத்தார். அக்காவின் நாரையும் சாம்பலையும் எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் அவர் பாத்திரம் தேய்த்து யாரும் பார்த்ததில்லை.

"அரசு, காகிதம் எடு. ஊருக்கு, அண்ணனுக்கு ஒரு கடுதாசி."

எடுத்தேன்.

"சலாம் எழுதிக்க. ஆசியாவோட சலாத்தையும் சேத்து எழுது. டிக்கெட்டத் திருப்பி அனுப்பிச்சிருக்கேன்னு எழுது. நான் வர முடியாது." தேக்சாவின் வயிற்றைச் சுற்றிக் கையைக் கொண்டுபோனார். கை எட்டவில்லை. "ஏன் வர முடியாதுன்னு கேப்பாரு. இங்க பாத்திரம் ரொம்பப் பெருசு, பொண்டாட்டி ஒத்தையாத் தேய்க்கிறா, ஒத்தாசைக்கு ஆளில்லன்னு எழுது."

எழுதினேன். எழுத்து கலங்கித் தெரிந்ததால் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, தேக்சாவின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

"அழுத்தித் தேய்ங்க மச்சான்" என்றார். "அடியில இன்னும் கரி இருக்கு."